தாணம்மைக்கு அளந்த நெல்

சுயம்பு பிள்ளைக்கு நெல் அளப்பது தொழில். களத்தில் குவிந்து கிடக்கும் நெல்லை மரக்காலில் அள்ளி, தலை தட்டி, சாக்கில் கொட்டுவான். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டான். லாபம் என்று தொடங்கி ரெண்டு, மூணு என்று இழுத்துச் சொல்லிக்கொண்டே போவான். இருபத்தொன்று சேர்ந்தால் ஒரு கோட்டை. பழையாற்றின் இரு கரையிலும் அவன் அளந்த நெல்லில் ஒரு நாழி கூடியது, குறைந்தது என்று யாரும் வாய் திறந்ததில்லை. அவன் கொட்டாவி விட்டாலும் அளந்துதான் விடுவான் என்று களத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். அதற்கும் சிரிக்கமாட்டான்.

ஊர் நெல்லையெல்லாம் அளந்த இந்த மனிதன் பெற்ற மகளுக்கு, அவன் வீட்டு நெல்லில் ஒரு பிடிகூட உரிமையில்லை. வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் அந்தக் காலத்து நாஞ்சில்நாட்டு வேளாளர் வீடுகளில் சட்டம் அதுதான். சொத்து தாய்வழி போகும். ஒருவன் வீட்டு நெல் அவனுடைய சகோதரி பிள்ளைகளுக்கு. அவன் பெற்ற பிள்ளைகள் தங்கள் அம்மையின் வீட்டு நெல்லைத் தின்னவேண்டும். வீட்டை ஆளுகிற மூத்த தாய்மாமனைக் காரணவர் என்பார்கள். நெல் கொட்டி வைக்கிற பத்தாயத்தின் சாவி அவர் மடியில் இருக்கும். பிள்ளை அம்மையோடு இருக்கிறவரை இதில் ஒரு குழப்பமும் இல்லை. சுயம்புவின் மகள் தாணம்மை அப்பனோடு இருந்தாள். அதுதான் வினை.

எப்படி வந்து சேர்ந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றாறு சித்திரையில் சுயம்புவுக்கும் அவன் மனைவி ஆவுடையம்மைக்கும் உறவு தீர்ந்து, முறி என்கிற தீர்வுப் பத்திரம் எழுதினார்கள். இரண்டு பேருக்கும் பெரிய சண்டை எதுவும் இல்லை. ஆவுடையம்மையின் அண்ணன் மாதேவன் பிள்ளைதான் அந்த வீட்டுக் காரணவர். தக்கலையில் சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம் பார்க்கிற ஒருவர், சம்பளக்காரர், ஆவுடையம்மையைப் பெண் கேட்டிருந்தார். நெல் அளக்கிறவனை மைத்துனன் என்று சொல்லிக்கொள்வதைவிட உத்தியோகஸ்தரைச் சொல்லிக்கொள்வது மாதேவன் பிள்ளைக்கு இனித்தது. தங்கையின் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. உத்தியோகஸ்தருக்கு நான்கு வயதுப் பிள்ளை வேண்டாம். அதுவும் சளியும் காய்ச்சலுமாக இருக்கிற பிள்ளை. "நீரே வச்சுக்கிடும் வே" என்று மாதேவன் பிள்ளை தாணம்மையைச் சுயம்புவிடம் தந்தார். முறியில் மட்டும், பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை என்பதால், ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கோட்டை நெல் அம்மை வீட்டிலிருந்து அளக்கவேண்டும் என்று ஒரு வரி எழுதினார்கள். பூ என்றால் போகம். பேச்சிப்பாறை அணைத் தண்ணீரில் வருஷத்துக்கு இரண்டு பூ தப்பாமல் விளைந்தது.

முதல் பூ அறுத்ததும் சுயம்பு கேட்கப் போனான்.

"கூரைக்குக் கீழ இருக்கவங்களுக்குத்தான் வே நெல்லு. அவ எங்க கூரைக்குக் கீழயா இருக்கா?" என்றார் மாதேவன் பிள்ளை.

"முறியில எழுதியிருக்கே."

"எழுதினது நாந்தான். வாசிச்சுச் சொல்லவா வந்தீரு?"

சுயம்பு திரும்பிவிட்டான். அதற்குப் பிறகு கேட்கப் போகவே இல்லை. வழக்குப் போட்டிருக்கலாம், நாகர்கோவிலில் கோர்ட்டு இருந்தது. ஆனால் வழக்கு என்று போனால் பிள்ளை யார் வீட்டில் இருக்கவேண்டும் என்ற கேள்வியும் கூடவே வரும் என்று பயந்தான். நெல் போனால் போகட்டும், பிள்ளை இருக்கட்டும் என்று நினைத்தான். நினைத்ததில் பாசமும் இருந்தது, வீம்பும் இருந்தது. எது எவ்வளவு என்று அவன் அளந்து பார்க்கவில்லை.

இவன் வீட்டில் அக்காள் பிச்சம்மையும் அவள் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். பிச்சம்மை கெட்டவள் இல்லை. ஆனால் பத்தாயத்து நெல் தன் பிள்ளைகளுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகம் கிடையாது. அடுக்களை மூலையில் ஒரு சின்னப் பானை வைத்திருந்தாள். சுயம்பு கூலி நெல்லைக் குத்தி அரிசியாக்கி அதில் போடவேண்டும். தினமும் உலை வைக்கும்போது வீட்டு அரிசியை ஒரு கையால் போட்டு, தாணம்மையின் அரிசியை அந்தப் பானையிலிருந்து மறு கையால் எடுத்துப் போடுவாள். வெந்த பிறகு எல்லாம் ஒரே சோறு. ஆனாலும் யாருடைய அரிசி எவ்வளவு என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

தக்கலை உத்தியோகஸ்தர் இரண்டு வருஷத்தில் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். ஆவுடையம்மை அண்ணன் வீட்டுக்கே திரும்பினாள். வந்த மாதமே, ஒரு ஓலைப்பெட்டி நிறைய முந்திரிக்கொத்து செய்து எடுத்துக்கொண்டு, ஆற்றைக் கடந்து சுயம்புவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தாணம்மை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒருக்கா பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

"நெல்லு கொண்டு வந்தியா?"

அவள் தலை குனிந்தாள். பத்தாயத்துச் சாவி அவளிடமா இருந்தது? அது சுயம்புவுக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டான்.

"நெல்லில்லாம என்ன பார்வை" என்று கதவைச் சாத்தினான். முந்திரிக்கொத்துப் பெட்டி வாசலிலேயே இருந்தது. பிச்சம்மையின் பிள்ளைகள் எடுத்துத் தின்றார்கள். அம்மை யார், எங்கே இருக்கிறாள் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டான். சுயம்புவை எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த இடத்தில் அவனுக்காகப் பேச என்னிடம் ஒன்றுமில்லை.

ஆயிரத்து நூற்றொன்றில் சட்டம் மாறியது. கூட்டுக் குடும்பச் சொத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பாகம் வைத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்றாயிற்று. அதுவரை சோற்றுக்கு மட்டும் எண்ணிய தலைகளை இப்போது வயலுக்கு எண்ணத் தொடங்கினார்கள். எந்த வீட்டில் பார்த்தாலும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மாதேவன் பிள்ளையின் வீட்டுக்குப் பன்னிரண்டு கோட்டை விதைப்பாடு நிலம், அதாவது பன்னிரண்டு கோட்டை விதை பிடிக்கிற வயல். அவர் ஒரு தலை. ஆவுடையம்மை ஒரு தலை. இறந்துபோன இன்னொரு சகோதரியின் மகன் செண்பகராமன் ஒரு தலை. மூன்று தலை என்றால் ஆளுக்கு நான்கு கோட்டை விதைப்பாடு. தாணம்மையையும் சேர்த்தால் நான்கு தலை, ஆளுக்கு மூன்று. செண்பகராமன் மூன்று தலை என்றான். மாதேவன் பிள்ளை நான்கு என்றார். ஆறு வருஷமாக அவர் கண்ணில் படாத பிள்ளை ஒரே நாளில் அவருக்கு மருமகள் ஆகிவிட்டாள். தங்கையின் பங்கும் அந்தப் பிள்ளையின் பங்கும் தன் கைக்குள்ளேதான் நிற்கும் என்பது அவர் கணக்கு.

அடுத்த வருஷம் கும்பப்பூ அறுவடை முடிந்த பங்குனியில் ஒரு நாள், நெல் ஏற்றிய வண்டி ஒன்று சுயம்புவின் வீட்டு முற்றத்தில் வந்து நின்றது. முன்னால் மாதேவன் பிள்ளை குடையோடு நடந்து வந்தார்.

"பன்னிரண்டு பூவுக்குப் பன்னிரண்டு கோட்டை. எண்ணி எறக்கிக்கிடும்" என்றார்.

சுயம்பு முன்பெல்லாம் அவரை அத்தான் என்று அழைத்தவன். இப்போது முறை சொல்லாமல் பேசினான். "இப்ப எதுக்கு?"

"அவ எங்க வீட்டுப் பிள்ளை வே. ஊர்ப் பிடாகைப் பெரியவங்களை மத்தியஸ்தம் பேச வச்சிருக்கு. நாங்க நெல்லு தந்தோமான்னு கேப்பாக. தந்தாச்சுன்னு சொல்லும்."

"சொன்னா?"

"மூணு கோட்டை விதைப்பாடு அவ பேருக்கு வரும். பாகம் முடிஞ்சதும் பிள்ளை எங்க வீட்டுக்கு வந்துரணும். வீட்டுப் பொம்பளப் பிள்ளை வீட்டுலதான இருக்கணும்? பெரியவங்களும் அதத்தான் சொல்லுகாக."

"வாங்கலேன்னா?"

"அவளுக்கு எந்த வீடும் இல்லாமப் போவும். ஒம்ம வீட்டுலயும் பங்கில்ல, எங்க வீட்டுலயும் பங்கில்ல. பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு யோசியும்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சுயம்பு நெல்லை இறக்கச் சொன்னான்.

வண்டி போன பிறகு தொழில் புத்தி சும்மா இருக்கவிடவில்லை. எட்டு நாழி பிடிக்கும் தன் மரக்காலை எடுத்து அளந்தான். பன்னிரண்டு கோட்டை இருக்கவேண்டிய இடத்தில் பத்தரைதான் இருந்தது. மறுபடி அளந்தான். பத்தரைதான்.

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த வீட்டில் இரண்டு மரக்கால் உண்டு. வீட்டு மரக்கால் எட்டு நாழி பிடிக்கும். குத்தகைக்காரரிடம் பாட்டநெல் வாங்குவதும் வீட்டாருக்கு அளப்பதும் அதில்தான். கூலி மரக்கால் ஏழு நாழி பிடிக்கும். வேலைக்காரருக்கும் வெளியாளுக்கும் அது. பெரிய வீடுகள் எல்லாவற்றிலும் இப்படித்தான். மாதேவன் பிள்ளை வேண்டுமென்று செய்திருக்கமாட்டார். வாசலைத் தாண்டிப் போகிற நெல் என்றால் அந்த வீட்டு வேலைக்காரனின் கை தானாகச் சின்ன மரக்காலுக்குப் போகும். அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பார், ஒன்றும் உறைத்திருக்காது. முப்பது வருஷப் பழக்கம். வாய் மருமகள் என்றது, மரக்கால் வெளியாள் என்றது.

ஆனால் செண்பகராமனுக்கு உறைத்துவிட்டது. கூலி மரக்கால் பத்தாயப்புரைக்குத் திரும்புவதை அவன் தொழுவத்திலிருந்து பார்த்திருக்கிறான். மறுநாளே பெரியவர்களிடம் போனான். வீட்டுப் பிள்ளைக்கு எந்த வீட்டில் கூலி மரக்காலில் அளப்பார்கள், இது பங்குக்காகச் செய்த வேஷம் என்றான். மாதேவன் பிள்ளை, வீட்டு மரக்கால்தான் என்று சாதித்தார். அவர் அதை நம்பியே சொன்னார். மூத்த மத்தியஸ்தர் குற்றாலம் பிள்ளை ஆளனுப்பிச் சுயம்புவுக்குச் சொன்னார்: நெல்லில் ஒரு மணியைத் தொடக்கூடாது, அடுத்த வெள்ளிக்கிழமை நெல்லோடும் பிள்ளையோடும் வந்து சேரவேண்டும், வீட்டு மரக்காலில் அளந்து பன்னிரண்டு கோட்டை நின்றால் நான்கு பங்கு, குறைந்தால் மூன்று.

எட்டு நாள் இருந்தது. சுயம்பு ஒன்றுமே செய்யவேண்டாம். இருக்கிற நெல்லை அப்படியே கொண்டுபோனால் போதும். ஒன்றரைக் கோட்டை குறையும், செண்பகராமன் ஜெயிப்பான், தாணம்மைக்கும் அந்த வீட்டுக்கும் உள்ள கயிறு அறுந்துபோகும். அவளை யாரும் வந்து கேட்கமாட்டார்கள். அதில் பொய் இல்லை, களவு இல்லை. அளவு சொல்வதுதான் உண்மை. இத்தனை வருஷம் அவன் செய்த தொழிலே அது. இரண்டு மூன்று நாள் அவன் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தான் என்று சொன்னால் அவனைத் தப்பாக நினைக்கவேண்டாம்.

அந்தப் பூவில் அவனுக்கு இருபது நாள் மலைக்காய்ச்சல். அறுவடைக் காலத்தில் பாயில் கிடந்தவனுக்குக் கூலி நெல் எங்கிருந்து வரும்? அடுக்களை மூலைப் பானை காலியாகிக்கொண்டே வந்தது. ஆறாம் நாள் மத்தியானம் சுயம்பு வீட்டுக்குள் நுழைந்தபோது பிச்சம்மையின் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தாணம்மை நெல் கிடந்த அறையின் வாசலில் உட்கார்ந்து, பனையோலைக் கீற்றைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"மக்கா, சாப்பிட்டியா?"

"பசிக்கல்லப்பா."

"ராத்திரி?"

"ராத்திரியும் பசிக்கல்ல."

பிச்சம்மை அடுக்களையிலிருந்து வந்தாள். "நான் போடுகேன்னுதான் சொன்னேன். அவதான் வேண்டாங்கா. பானையில இல்லேல்லா அத்தைன்னு சொல்லுகா. நேத்தும் இப்பிடித்தான்" என்றாள். அவள் முகமும் சரியாக இல்லை.

பத்து வயதுப் பிள்ளை. முதுகுக்குப் பின்னால் அவள் பெயரில் வந்த பத்தரைக் கோட்டை நெல். பசியை மறைத்துப் பேச அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தச் சின்னப் பானையைப் பார்த்துப் பார்த்தே கற்றிருக்கிறாள். நான் இருக்கிறவரைக்கும் இப்படி, நான் இல்லாவிட்டால் இவளுக்கு அந்தப் பானையும் கிடையாது என்று சுயம்பு நினைத்தான்.  மகளை இழுத்துக்கொண்டுபோய், அக்காள் போட்ட சோற்றைத் தன் கையால் பிசைந்து ஊட்டினான். அவள் தின்றாள். எவ்வளவு பசித்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் கோட்டாற்றுக்கு நடந்தான். காதில் கிடந்த கடுக்கனைக் கழற்றி விற்றான். அவனிடம் இருந்த ஒரே பொன் அதுதான். அந்தப் பணத்துக்கு அதே ரக நெல்லாகப் பார்த்து ஒன்றரைக் கோட்டை வாங்கினான். நெல் எட்டு நாளில் காய்ந்து கொஞ்சம் சுருங்கியிருக்கும் என்று மேலும் இரண்டு மரக்கால் சேர்த்தான். சாக்குகளை அவிழ்த்து, கலந்து, மறுபடி கட்டினான். நாளைக்கு நெல் சரியாக நின்றால் பிள்ளை போய்விடும். அது தெரிந்தே தலை தட்டித் தட்டி அளந்து போட்டான். பிறகு தாணம்மையின் இரண்டு பாவாடையையும் சட்டையையும் துவைத்துக் காயப்போட்டான்.

வெள்ளிக்கிழமை காலை மாதேவன் பிள்ளையின் களத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மூன்று பெரியவர்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் மாதேவன் பிள்ளை, மறுபக்கம் செண்பகராமன். களத்துக்கு மேல்படியில், வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு ஆவுடையம்மை நின்றாள். சுயம்பு அவளைப் பார்க்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, துணி மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றான்.

குற்றாலம் பிள்ளை கேட்டார்: "சுயம்பு, நீ அளவுகாரன். ஒனக்குத் தெரியாம இருக்காது. எந்த மரக்கால்ல வந்த நெல்லு இது?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். சுயம்புவுக்குப் பொய் சொல்ல வரவில்லை, உண்மை சொல்லவும் முடியவில்லை.

"எனக்க வாயக் கேக்காதிங்க. நெல்லு இருக்கு. அளந்து பாருங்க" என்றான்.

"அதுவும் சரிதான்" என்றார் அவர். சுயம்பு பிள்ளையைப் பெற்றவன் என்பதால் அவன் அளக்கக்கூடாது. புதுக்கடைப் பக்கத்திலிருந்து ஏசுஅடிமை என்ற அளவுகாரனை அழைத்திருந்தார்கள். இந்த வீடும் தெரியாது, அந்த வீடும் தெரியாது அவனுக்கு. வீட்டு மரக்காலைப் பெரியவர்கள் வாங்கி, உள்ளும் புறமும் பார்த்து அவன் கையில் கொடுத்தார்கள்.

"லாபம்" என்று தொடங்கினான் ஏசுஅடிமை.

சுயம்பு எத்தனையோ ஆயிரம் கோட்டை அளந்திருக்கிறான். இன்னொருத்தன் அளக்க, நின்று கேட்டது அன்றுதான். ஒரு கோட்டை, இரண்டு கோட்டை என்று ஓரமாகக் கூழாங்கல் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஐந்தாவது கல் விழுந்தபோது தாணம்மை, "அப்பா, கை நோவுது" என்றாள். தான் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருப்பதை உணர்ந்து சுயம்பு விரலைத் தளர்த்தினான். ஏழு, எட்டு. செண்பகராமன் சாக்குகளை எண்ணிப் பார்த்துவிட்டு முகம் மாறினான். பத்தாவது கல். இனி அரைக் கோட்டைதான் இருக்கவேண்டும். ஆனால் சாக்குகள் இன்னும் நின்றன. சுயம்புவுக்கு அப்போது ஒரு கேவலமான ஆசை வந்தது. தான் கணக்கில் தப்பியிருக்கக்கூடாதா, ஒரு சாக்கு பொத்தலாகி வழியில் சிந்தியிருக்கக்கூடாதா என்று. வாழ்நாளில் முதல்முறையாக அவன் தன் அளவு பிழையாக வேண்டும் என்று விரும்பினான்.

"இருவது... இருவத்தொண்ணு" என்று நிறுத்தினான் ஏசுஅடிமை. பன்னிரண்டாவது கல் விழுந்தது. அடியில் ஒரு மரக்கால் மிஞ்சியும் கிடந்தது.

"பன்னெண்டு கோட்டை. குறைவில்ல" என்றார் குற்றாலம் பிள்ளை.

செண்பகராமன் எழுந்துவிட்டான். "இதில கள்ளத்தனம் இருக்கு. நான் கண்ணால கண்டேன், கூலி மரக்கால்தான். இவரு ரொப்பிக் கொண்டு வந்திருக்காரு."

பெரியவர்கள் சிரித்தார்கள். "பைத்தியமா வே ஒமக்கு? நெல்லு நின்னா பிள்ளை கையை விட்டுப் போவும்னு அவனுக்குத் தெரியும். பெத்த பிள்ளையக் குடுக்கதுக்கு எவனாவது கைக்காசு போட்டு நெல்லு ரொப்புவானா?" என்றார் குற்றாலம் பிள்ளை. செண்பகராமன் உட்கார்ந்துவிட்டான்.

மேல்படியில் ஆவுடையம்மை கதவை விட்டுவிட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். அன்றைக்கு வண்டிக்கு நெல் அளந்தபோது பத்தாயப்புரை வாசலில் நின்றவள் அவள். எந்த மரக்கால் என்று பார்த்தாள். பிள்ளைக்குப் போகிற நெல், வீட்டு மரக்காலில் அளங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தும், அண்ணன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டாள். இப்போது சுயம்புவைப் பார்த்தாள். காதுகள் வெறுமையாக இருந்தன. அவளுக்குப் புரிந்தது.

"நாலு பங்கு" என்று முடித்தார் குற்றாலம் பிள்ளை. குமாஸ்தா ஜெயசிங் எழுதினார், எழுதியதை வாசித்தார், மாதேவன் பிள்ளையும் செண்பகராமனும் கையெழுத்துப் போட்டார்கள். ஆவுடையம்மைக்காகப் பேனாவைப் படியருகே கொண்டுபோனார்கள். தன் பேருக்கு ஒன்று, பிள்ளையின் பேருக்கு ஒன்று என்று இரண்டு இடத்தில் போட்டாள்.

மாதேவன் பிள்ளைக்கு வாயெல்லாம் பல். "வாட்டி பிள்ளே, உள்ள வா" என்று தாணம்மையைக் கூப்பிட்டார். அவள் நகரவில்லை. சுயம்பு குனிந்து துணி மூட்டையை அவள் கையில் கொடுத்தான். என்னென்னவோ சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வந்தான். 

"போ மக்கா" என்றான்.

"அவ அங்க போகட்டும் அண்ணா" என்றாள் ஆவுடையம்மை.

ஆண்கள் கூடியிருக்கிற இடத்தில் அந்த வீட்டுப் பெண் பேசி யாரும் கேட்டதில்லை. மாதேவன் பிள்ளை திரும்பிப் பார்த்தார். "என்னது?"

"அவ அவுக அப்பாகூடப் போகட்டும்."

"நீ உள்ள போ. இது காரணவர் பாத்துக்கிட வேண்டிய காரியம்."

"பாகம் ஆயாச்சு. எனக்க பங்கும் பிள்ளைக்க பங்கும் தனியாயாச்சு. இனி காரணவரு யாரு?" என்றாள்.  பெரியவர்கள் பக்கம் திரும்பினாள். "பூவுக்கு ஒரு கோட்டை எனக்க களத்துல இருந்து அவளுக்குப் போகணும். நானே நின்னு அளப்பேன். அதையும் எழுதிக்கிடுங்க. பிள்ளை அவுககூடத்தான் இருக்கணும். பத்தாதுன்னா அதுக்கு மேலயும் தருவேன்."

மாதேவன் பிள்ளையின் கை மடியைத் தடவியது. சாவி அங்கேதான் இருந்தது. திறக்க இனி அவருடைய பங்கு மட்டுமே. குற்றாலம் பிள்ளை மற்ற இருவரையும் பார்த்தார். "அம்மை சொன்னா அதுக்கு மேல நமக்கென்ன? எழுதும்" என்றார். ஜெயசிங் எழுதினார்.

"வேற எதாவது உண்டா, அம்மா?"

ஆவுடையம்மை மகளைப் பார்த்தாள். பிறகு, "எப்பமாவது ஒருக்கா பிள்ளையக் கண்ணுல காட்டச் சொல்லுங்க. அவுகளுக்கு மனசிருந்தா போதும்" என்றாள். இதைச் சொல்லும்போதும் அவள் சுயம்புவைப் பார்த்துக் கேட்கவில்லை. பெரியவர்களைப் பார்த்தே கேட்டாள்.

சுயம்புவால் நிமிர முடியவில்லை. நெல்லில்லாமல் என்ன பார்வை என்று தான் சாத்திய கதவு அவன் கண்ணுக்கு முன்னால் நின்றது. இவள் அன்று நெல் தரமுடியாதவளாக வந்தாள்; இன்று நெல்லையும் தந்து, பிள்ளையையும் தந்து, பார்வையை மட்டும் யாசிக்கிறாள். வெட்கம் அவன் உடம்பெல்லாம் ஏறியது.

தாணம்மை அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குத் திரும்பப் போகலாம் என்பது மட்டும் விளங்கியிருந்தது. படியில் நிற்கிற பெண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லக் கேட்பதாக நினைத்து எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"அப்பா, நமக்கு நெல்லு தாற அவுக யாரு?"

 ஆவுடையம்மை படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சுயம்பு மகளின் முன்னால் முட்டுப் போட்டு உட்கார்ந்தான். "ஒனக்க அம்மை மக்கா" என்றான். "ஒன்னப் பாக்க ஒருக்கா வந்தா. நாந்தான் காட்டல்ல."